குரோஷியஸின் ஹாலந்து: உரிமை என்ற கருத்து உருவான ஊர்கள் வழியே

முதல் நாள்: லைடன்

17-ஆம் நூற்றாண்டின் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸைத் தேடி வருகிறவர்கள் வழக்கமாக டெல்ஃப்டில் இறங்குவார்கள். அவர் பிறந்ததும் அடக்கமானதும் அங்கேதான். ஆனால் நீதி, உரிமை பற்றி அவர் ஏன் யோசிக்க நேர்ந்தது என்று பார்க்க விரும்பினால் லைடனில் தொடங்குங்கள். அங்கே பல்கலைக்கழக நூலகத்தில் பிபிஎல் 917 என்ற எண்ணில் அவருடைய லத்தீன் கைப்பிரதி ஒன்று இருக்கிறது. போரில் பிடித்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பது அதன் விஷயம். 1604-க்கும் 1606-க்கும் இடையில் எழுதப்பட்டு, முழு வடிவில் அச்சேறாமலே கிடந்து, 1864-ல் ஹேக் நகரில் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளி உலகுக்குத் தெரிந்தது. 1868-ல் அச்சானது.

அந்தக் கைப்பிரதிக்குப் பின்னால் இருப்பது ஒரு கப்பல். 1603 பிப்ரவரி 25 அன்று சிங்கப்பூர் நீரிணையில், யாக்கோப் வான் ஹேம்ஸ்கெர்க் என்ற டச்சுக் கப்பல் தலைவர், ஜோகூர் அரசின் உதவியோடு, சாண்டா கடரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த கப்பல். சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனபோது கிடைத்தது சுமார் 30 லட்சம் கில்டர். 1604 செப்டம்பர் 9 அன்று ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றம் 'பிடித்தது செல்லும்' என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தும் சிக்கல் தீரவில்லை. ஹேம்ஸ்கெர்க்குக்குக் கொடுத்திருந்த அனுமதி தற்காப்புக்கு மட்டுமே. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களில் மென்னோனைட் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆயுதம் எடுப்பதையே பாவம் என்று நினைக்கிறவர்கள், இந்தப் பணத்தைத் தொட மறுத்தார்கள். 1602-ல்தான் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு ஒரு நல்ல வாதம் தேவைப்பட்டது. 21 வயது வழக்கறிஞர் ஒருவரிடம் போனார்கள்.

கேட்டதற்கு மேலேயே அவர் செய்தார். கப்பலைப் பற்றி நேராகப் பேசாமல், 9 விதிகள், 13 சட்டங்கள் என்று அடித்தளத்திலிருந்து கட்டினார். உயிரைக் காத்துக்கொள்ளலாம், வாழ்வுக்குப் பயன்படும் பொருளைத் தேடிக்கொள்ளலாம், பிறரைத் துன்புறுத்தக் கூடாது, பிறர் கைப்பட்டதைப் பறிக்கக் கூடாது. முதல் நான்கு சட்டங்களின் சாரம் இவ்வளவுதான். இவற்றிலிருந்து ஒரு துணிச்சலான படி எடுக்கிறார். தண்டிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறதென்றால், அது தனிமனிதரிடமிருந்துதான் அரசுக்குப் போயிருக்க வேண்டும். இல்லாத ஒன்றை யாரும் பிறருக்குக் கொடுக்க முடியாது. சான்று கேட்டால், வெளிநாட்டான் ஒருவன் குற்றம் செய்தால் அரசு தண்டிக்கிறதே, அவன் இந்த நாட்டுச் சட்டத்துக்கு எப்போது சம்மதித்தான் என்று திருப்பிக் கேட்கிறார். ஆகவே நீதிமன்றம் இல்லாத நடுக்கடலில் ஒரு தனியாள், ஒரு கம்பெனிகூட, தனக்கு இழைத்த தீங்குக்குப் போர் தொடுக்கலாம். தனிமனித உரிமை என்று நாம் இன்று கொண்டாடும் கருத்தின் முதல் வலுவான வடிவங்களில் ஒன்று, ஒரு வணிகக் கம்பெனியின் கொள்ளைப் பணத்துக்கு நியாயம் தேடிய வாதத்தில் கிடைக்கிறது. இந்தப் பயணம் முழுவதும் இதை மனதில் வைத்திருங்கள்.

நூலின் 12-ஆம் அதிகாரம் மட்டும் 1609-ல் லைடனில் பெயரில்லாமல் வெளிவந்தது. 'சுதந்திரக் கடல்' என்று பெயர் பெற்ற சிறு நூல், 13 குட்டி அதிகாரங்கள். கிழக்கிந்தியா எங்களுடையது என்ற போர்த்துகீசியரின் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறது. கண்டுபிடித்தோம் என்கிறார்களா? ஜாவா, தப்ரோபானே, மொலுக்கஸ் தீவுகளில் ஏற்கெனவே மன்னர்களும் சட்டங்களும் இருந்தன. ஆளுள்ள நாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. போப் கொடுத்தார் என்கிறார்களா? போப் உலகத்தின் அரசர் அல்ல. அவர்கள் வேற்று மதத்தவர் என்கிறார்களா? மத வேறுபாடு யாருடைய சொத்துரிமையையும் அழிக்காது. இந்த இடத்தில் அவர் சாட்சிக்கு அழைப்பது ஸ்பெயினின் சாலமாங்காவில் 1539-ல் அமெரிக்கப் பழங்குடியினரின் உரிமை பற்றி உரையாற்றிய பிரான்சிஸ்கோ டி விட்டோரியா என்ற டொமினிக்கன் துறவியை. குரோஷியஸ் எழுதிய காலத்தில் போர்த்துகல் ஸ்பானிய மன்னரின் கீழ் இருந்தது. எதிராளியின் இறையியலாளரை வைத்தே எதிராளியை மடக்குகிறார்.

கடைசியில் கடல். அதற்கு இரண்டு காரணம் சொல்கிறார், இரண்டும் வேறு வேறு. கைப்பற்ற முடியாத பொருள் சொத்தாக முடியாது என்பது ஒன்று. ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையாத பொருளைத் தனிச்சொத்தாக்க வேண்டிய தேவையே இல்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணம் மீன் வளம் தீராது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்துப்போன இன்று, வாதத்தின் எந்தக் கால் உடைந்தது, எந்தக் கால் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் அதே நூல் உதவுகிறது.

போகிறவர்களுக்கு: லைடன் சென்ட்ரால் நிலையத்திலிருந்து ராபன்பர்க் கால்வாய் கால் மணி நேர நடை. 73-ஆம் எண் கட்டடம் பல்கலைக்கழகத்தின் பழைய கல்விக்கூடம். 1594-ல் 11 வயதில் குரோஷியஸ் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நூலகம் விட்ட சிங்கலில். கைப்பிரதி காட்சிப் பெட்டியில் இருக்காது. சிறப்புத் தொகுப்புகளின் வாசிப்பறைக்கு வாசகராகப் பதிந்து, எண்ணைக் குறிப்பிட்டு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எழுதிக் கேளுங்கள். மூலத்துக்குப் பதில் படி தரலாம். ஆராய்ச்சிக் காரணத்தைத் தெளிவாகச் சொன்னால் வாய்ப்பு கூடும்.

இரண்டாம் நாள்: ஹேக், பின்னன்ஹோஃப்

இன்று சிறு குறிப்புதான். பின்னன்ஹோஃப் நாடாளுமன்ற வளாகம் 2021 முதல் சீரமைப்பில் இருக்கிறது. வேலிக்கு வெளியிலிருந்து, ஹோஃப்ஃபைவர் குளத்தின் கரையிலிருந்து பார்க்கலாம். பக்கத்திலேயே கெவாங்கன்போர்ட் என்ற பழைய சிறைவாயில், இப்போது அருங்காட்சியகம்.

1609-ல் ஸ்பெயினுடன் 12 ஆண்டுப் போர்நிறுத்தம் வந்ததும் டச்சுக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். கடவுள் முன்கூட்டியே தேர்ந்தவர்களுக்குத்தான் மீட்பா, மனிதரின் சம்மதத்துக்கும் இடமுண்டா என்ற சண்டை, திருச்சபையை ஆள்வது யார், ஹாலந்து மாகாணம் பெரிதா மாகாணங்கள் சேர்ந்த ஒன்றியம் பெரிதா என்ற சண்டையாக முற்றியது. குரோஷியஸ், மனித சம்மதத்துக்கு இடம் கொடுத்த ரிமான்ஸ்ட்ரன்ட் தரப்பில், முதிய தலைவர் ஓல்டன்பார்னெவெல்ட்டுடன் நின்றார். 1618 ஆகஸ்ட் 29 அன்று டச்சுப் படைத் தலைவரான இளவரசர் மோரிட்ஸின் உத்தரவில் கைதானார்கள். 24 நீதிபதிகளைக் கொண்ட தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. ஹாலந்து மாகாணத்தின் குடிகளை விசாரிக்க ஒன்றியத்துக்கு அதிகாரமே இல்லை என்ற ஆட்சேபம் எடுபடவில்லை. 1619 மே 13 அன்று 71 வயது ஓல்டன்பார்னெவெல்ட்டின் தலை இந்த முற்றத்தில் வெட்டப்பட்டது. ஐந்து நாள் கழித்து குரோஷியஸுக்கு ஆயுள் சிறை.

சட்டத்தைக் கடலுக்கும் போருக்கும் விரித்தவர், தனக்கென்று அவசரமாகக் கூட்டிய ஒரு மன்றத்தின் முன் நின்றார். குற்றவாளியை விசாரிக்க யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்கு அவர் 1622-ல் பாரிஸிலிருந்து எழுதிய தன்விளக்கத்தில் அத்தனை இடம் கொடுத்ததன் காரணம் இங்கே நிற்கும்போது விளங்கும்.

மூன்றாம் நாள்: லூவஸ்டைன் கோட்டை

வால் ஆறும் மாஸ் ஆறும் சந்திக்கும் முனையில், அகழி சூழ்ந்த செங்கல் கோட்டை. ஹேக்கிலிருந்து டோர்ட்ரெக்ட் வரை ஒரு ரயில், அங்கிருந்து கோரிங்கெம் வரை இன்னொன்று. இந்த இரண்டாவது ரயிலை நடத்துவது வேறு நிறுவனம். வெளியூர்க்காரர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: டோர்ட்ரெக்டில் முதல் நிறுவனத்தின் கருவியில் அட்டையைத் தொட்டு வெளியேறி, இரண்டாவது நிறுவனத்தின் கருவியில் மறுபடி தொட்டு நுழைய வேண்டும். செய்யாவிட்டால் பயணம் முடியாததாகப் பதிவாகி, கூடுதல் கட்டணம் பிடிக்கும். வங்கி அட்டையால் தொட்டு ஏறினால் அதே அட்டையால்தான் இறங்க வேண்டும். கைபேசியில் ஏற்றி வைத்த அதே அட்டைகூட வேறு அட்டையாகவே கணக்காகும்.

கோரிங்கெமில் நகரத்தைக் குறுக்காக நடந்து ஆற்றங்கரைக்குப் போனால் படகு. பருவத்தைப் பொறுத்துத்தான் கோட்டை வரை நேராகப் போகும். மற்ற நேரம் வாட்ரிகெம் இறங்கி மீதித் தூரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கோட்டையில் தவறவிட்டால் பக்கத்தில் ஊர் இல்லை.

1619 ஜூன் முதல் 1621 மார்ச் வரை குரோஷியஸ் இங்கே. மனைவி மரியா வான் ரைகர்ஸ்பர்க்கும் பிள்ளைகளும் உடன் இருக்க அனுமதி. லைடனிலிருந்து நண்பர்கள் புத்தகம் இரவல் அனுப்பினார்கள். படித்த புத்தகங்களும் அழுக்குத் துணியும் ஒரு பெட்டியில் கோரிங்கெமுக்குத் திரும்பிப் போகும். முதலில் காவலர்கள் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தார்கள். மாதங்கள் போகப் போக விட்டுவிட்டார்கள். மரியா அதைக் கவனித்தார். 1621 மார்ச் 22 அன்று பெட்டிக்குள் புத்தகத்துக்குப் பதில் கணவர். பெட்டியோடு படகில் போனது எல்ஸ்யே வான் ஹவ்வனிங் என்ற பணிப்பெண். அவளுக்கு வயது இருபதை ஒட்டித்தான். கோரிங்கெமில் டாட்செலார் என்ற வணிகரின் வீட்டில் பெட்டி இறங்கியது. கொத்தனார் வேடத்தில் அங்கிருந்து கிளம்பி, ஆன்ட்வர்ப், பிறகு பாரிஸ்.

இந்தப் பெட்டிதான் என்று சொல்லிக்கொள்ளும் பெட்டிகள் ஒன்றுக்கு மேல் உண்டு: ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் ஒன்று, டெல்ஃப்டில் ஒன்று, இங்கே கோட்டையில் ஒன்று. எது அசல் என்று தீர்ப்பதில் நேரம் செலவிட வேண்டாம். மேல்மாடி அறைக்குப் போங்கள். உலகம் பெட்டியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அந்த அறையில் அவர் எழுதியது அதைவிடப் பல மடங்கு பெரிய காரியம்.

தன் பிள்ளைகளுக்காக, டச்சு மொழியில், ஹாலந்தின் சட்டத்துக்கு ஓர் அறிமுகம் எழுதினார். நபர்கள், பொருள்கள், கடப்பாடுகள் என்று மூன்று புத்தகங்கள். ரோமானியச் சட்டத்தின் வகைப்பாட்டை எடுத்து, அதற்குள் ஹாலந்தின் ஊர் வழக்கங்களையும் சாசனங்களையும் ஒழுங்காக இருத்தினார். லத்தீன் கலைச்சொற்களுக்குப் பதில் டச்சுச் சொற்களை உருவாக்கினார். 1631-ல் அச்சானது. ரோமன்-டச்சுச் சட்டம் என்று பின்னால் பெயர் பெற்ற முறையின் ஆதார நூல்களில் ஒன்று அது.

நம் வாசகர்களுக்கு இது தொலைதூரக் கதை இல்லை. ரோமன்-டச்சுச் சட்டம் கம்பெனியின் கப்பல்களில் இலங்கைக்கு வந்தது. டச்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்தபின், 1799-ஆம் ஆண்டுப் பிரகடனம் நடப்பில் இருந்த சட்டங்களை அப்படியே தொடரவிட்டது. தனிச்சட்டமோ இயற்றிய சட்டமோ இல்லாத இடத்தில் இன்றும் இலங்கையின் பொதுச்சட்டம் அதுதான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையும் டச்சு ஆட்சியில்தான் எழுத்து வடிவம் பெற்றது: 1707-ல், யாழ்ப்பாணத்தின் திசாவையாக, அதாவது ஆட்சி அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து) என்ற பிரிவுகள் அதில் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். அடிமைகள் பற்றிய பகுதியும் அதில் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வழக்கத்தை எழுத்தில் பதிகிறவர், அதில் இருந்த கட்டுகளையும் சேர்த்தே உறுதியாக்கிவிடுகிறார்.

திரும்பும் வழியில் கோரிங்கெமில் நேரம் இருந்தால் ஹூகோ டி க்ரோட் பெயரில் இருக்கும் சிறு வாயிலைப் பாருங்கள். அவருடைய டச்சுப் பெயர் அதுதான். யாரிடமாவது வழி கேட்பதென்றால் குரோஷியஸ் என்று கேட்காதீர்கள்.

நான்காம் நாள்: டெல்ஃப்ட், பிறகு 1-ஆம் எண் டிராம்

டெல்ஃப்ட் சந்தைச் சதுக்கத்தின் நடுவில் 1886-ல் நிறுவிய வெண்கலச் சிலை. எதிரே புதிய தேவாலயம். உள்ளே ஆரஞ்சு அரச குடும்பத்தின் கல்லறை. குரோஷியஸைச் சிறையில் தள்ளிய மோரிட்ஸ் இந்த நிலவறையில்தான் இருக்கிறார். குரோஷியஸின் நினைவுச் சின்னம் அதே கூரையின் கீழ், 1781-ல் வைத்தது. ஸ்வீடனின் தூதராகப் பாரிஸில் இருந்துவிட்டு, கப்பல் சேதத்தில் தப்பி, 1645 ஆகஸ்ட் 28 அன்று ரோஸ்டாக்கில் இறந்தார். உடல் இங்கே வந்தது. தனக்காக அவரே எழுதிவைத்த கல்லறை வரியில் தன்னைப் படாவியரின், அதாவது டச்சுக்காரரின், கைதி என்றும் நாடு இழந்தவர் என்றும் ஸ்வீடனின் தூதர் என்றும் சொல்கிறார். எழுதிய நூல்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1899-ல் ஹேக் சமாதான மாநாட்டுக்கு வந்த அமெரிக்கத் தூதுக்குழு, ஜூலை 4 அன்று இங்கே ஒரு வெள்ளி மாலையை வைத்தது.

டெல்ஃப்டிலிருந்து 1-ஆம் எண் டிராம் ஏறினால், மாறாமலே ஹேக் சமாதான மாளிகை வாசலில் இறங்கலாம். 1913 ஆகஸ்ட் 28 அன்று திறந்த கட்டடம். இப்போது சர்வதேச நீதிமன்றம் இங்கே. உள்ளே சுற்றிப் பார்ப்பது குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவோடு மட்டும். விசாரணை நாட்களில் ரத்தாகும். வாசலில் உள்ள பார்வையாளர் கூடம் எளிது. நூலகத்தில் குரோஷியஸ் பதிப்புகளின் பெருந்தொகுப்பு உண்டு.

1625-ல் பாரிஸில் அச்சான 'போர், அமைதி பற்றிய சட்டம்' நூலை இங்கே வைத்துப் பேசுவதுதான் பொருத்தம். நூல் பெரியது, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிக்க முயன்றவர்கள் பெரும்பாலும் முதல் புத்தகத்திலேயே நின்றுவிடுவார்கள். பழைய ஆசிரியர்களின் மேற்கோள்கள் மலைபோல் குவிந்திருக்கும். ஒரு வழி சொல்லலாம். முகவுரையை முழுதாகப் படியுங்கள். அடுத்து முதல் புத்தகம், முதல் அதிகாரம், 4-ஆம் பத்தியிலிருந்து 8 வரை. பிறகு நேராக இரண்டாம் புத்தகம், இரண்டாம் அதிகாரம். அதன்பின் அதே புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம். இவ்வளவு படித்தால் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

முகவுரையின் 11-ஆம் பத்தி புகழ் பெற்றது. கடவுள் இல்லை என்று ஒப்புக்கொண்டாலும், அப்படி ஒப்புக்கொள்வது பெரும் பாவம், நாம் சொன்னவற்றுக்கு ஓரளவு செல்லுபடி இருக்கும் என்கிறார். இதை வைத்து அவரை மதச்சார்பின்மையின் தந்தை என்று கூறுவது அவசர முடிவு. இடைக்கால இறையியலாளர்கள் ஏற்கெனவே இப்படி எழுதியிருக்கிறார்கள். புதுமை வேறு இடத்தில்: முதல் புத்தகம், முதல் அதிகாரத்தின் 4-ஆம் பத்தியில். ஒன்றை நியாயமாக வைத்திருக்கவோ செய்யவோ ஒருவருக்கு இடம் தரும் அறப்பண்புதான் உரிமை என்று வரையறுக்கிறார். உரிமை மனிதரின் மேல் ஒட்டியிருக்கிறது. சட்டப் புத்தகத்திலோ உலக ஒழுங்கிலோ அதைத் தேட வேண்டியதில்லை. அதை இரண்டாகப் பிரிக்கிறார். முழு உரிமை என்பது கேட்டு வாங்கக்கூடியது: தன் மேலுள்ள அதிகாரமாகிய சுதந்திரம், சொத்து, கடன். குறை உரிமை என்பது தகுதி மட்டும்: ஏழை தர்மத்துக்குத் தகுதியானவன், ஆனால் வழக்குப் போட முடியாது.

அப்படியானால் பட்டினி கிடக்கிறவனுக்கு என்ன உரிமை? இங்கேதான் இரண்டாம் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம் அருமையாக விரிகிறது. ஆதியில் எல்லாம் பொது. தனிச்சொத்தை ஏற்படுத்தியவர்கள் இயற்கை நியாயத்திலிருந்து முடிந்த மட்டும் குறைவாகவே விலக எண்ணியிருப்பார்கள் என்று கொள்ள வேண்டும். ஆகவே உயிர் போகும் நெருக்கடியில் பழைய பொது உரிமை மீண்டும் எழுகிறது. எடுத்துக்கொள்பவன் தர்மம் வாங்கவில்லை, தன் உரிமையைப் பயன்படுத்துகிறான். கப்பலில் உணவு தீர்ந்தால் ஒவ்வொருவரும் வைத்திருப்பதைப் பொதுவில் போட வேண்டும். தீ பரவாமல் தடுக்கப் பக்கத்து வீட்டை இடிக்கலாம் என்று உதாரணங்கள் தருகிறார்.

அதற்கு வரம்புகளும் உண்டு. முதலில் வேறு வழி எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும்: அதிகாரியிடம் போவது, உடையவரிடம் கெஞ்சிக் கேட்பது. உடையவருக்கும் அதே அளவு நெருக்கடி இருந்தால் எடுக்கக் கூடாது. எடுத்ததை முடிந்தபோது திருப்பித் தர வேண்டும். மூன்றாவது வரம்பைச் சிலர் வாதத்தின் பலவீனம் என்பார்கள்: உரிமை என்றால் எதற்குத் திருப்பித் தர வேண்டும்? அவர் பதில், அந்த உரிமை நிபந்தனையற்றது அல்ல, உடையவரின் உரிமை முற்றாக அழியாமல் காக்கும் சுமையோடு வருவது. 400 ஆண்டு கழித்தும் இந்தப் பக்கங்களுக்கு ஈடாக இந்தச் சிக்கலை இவ்வளவு சுருக்கமாகக் கையாண்டவை குறைவு.

ஐந்தாம் அதிகாரம் தலையைக் குனிய வைக்கும். சுதந்திரம் ஒரு சொத்துப் போன்ற உரிமை என்று வரையறுத்தாகிவிட்டது. சொத்தை விற்கலாம் என்றால் சுதந்திரத்தையும் விற்கலாம் என்று வாதம் தானாகவே நகர்கிறது. வாழ்நாள் உணவுக்கு வாழ்நாள் உழைப்பு என்ற ஒப்பந்தத்தில் அவர் அநீதி காணவில்லை. பிள்ளைகளை வளர்க்க வேறு வழியே இல்லையென்றால் தந்தை பிள்ளையை அடகு வைக்கலாம், விற்கவும் செய்யலாம் என்று 5-ஆம் பத்தியில் எழுதுகிறார். ஒரு தனிமனிதன் அடிமையாக விற்றுக்கொள்ளலாம் என்றால் ஒரு மக்கள் கூட்டமே ஓர் அரசனுக்குத் தன்னை ஒப்படைக்கலாமே என்று முதல் புத்தகத்தில் சொல்லியிருப்பதும் இதே தர்க்கம். பட்டினி கிடப்பவன் ரொட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்ற பக்கத்துக்கும் பிள்ளையை விற்கலாம் என்ற பக்கத்துக்கும் நடுவில் இரண்டு அதிகாரங்கள்தான் இடைவெளி. இரண்டும் உரிமை பற்றிய ஒரே வரையறையிலிருந்து வந்தவை.

ஐந்தாம் நாள்: ரைன்ஸ்புர்க்கும் பவில்யூன்ஸ்ஹ்ராக்டும்

லைடனிலிருந்து ரைன்ஸ்புர்க்குப் பேருந்து உண்டு. சைக்கிளிலும் எளிதாகப் போய்விடலாம். 17-ஆம் நூற்றாண்டு டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசாவின் பெயர் தாங்கிய தெருவில், 1661 முதல் 1663 வரை அவர் தங்கிய சிறு வீடு. கண்ணாடி வில்லை தேய்க்கும் கருவியின் மாதிரியும், அவர் இறந்தபோது எடுத்த பட்டியலை வைத்துத் திரட்டிய சுமார் 160 நூல்களும் இருக்கின்றன. ஐன்ஸ்டைன் 1920-ல் வந்து பார்வையாளர் ஏட்டில் கையெழுத்திட்டார். திறப்பு நேரம் குறைவு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஹேக்கில் பவில்யூன்ஸ்ஹ்ராக்ட் கால்வாய்த் தெருவில் 72-74-ஆம் எண் அவர் 1677 பிப்ரவரி 21 அன்று இறந்த வீடு, எதிரே சிலை.

1670-ல் பெயரில்லாமல், ஹாம்பர்க்கில் அச்சானது என்ற பொய் முகவரியோடு, ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளியான 'இறையியல் அரசியல் ஆய்வு' நூலின் 16-ஆம் அதிகாரம் பலரைத் திடுக்கிட வைக்கிறது. ஒவ்வொன்றின் இயற்கை உரிமையும் அதன் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது இயற்கை உரிமையால்தான் என்கிறார். வலுத்தவன் வைத்ததே சட்டம் என்று இதைப் படிப்பவர்கள், 20-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது அதே மனிதர் பேச்சுச் சுதந்திரத்தை இவ்வளவு வலுவாக ஆதரிப்பது எப்படி என்று குழம்புகிறார்கள். இரண்டும் ஒரே வாதம். ஆற்றல்தான் உரிமை என்றால், அரசின் உரிமையும் அதன் ஆற்றலோடு முடிகிறது. மனிதர் உள்ளுக்குள் நினைப்பதை எந்த அரசாலும் கட்டளையிட முடியாது. முடியாத இடத்தில் அரசுக்கு உரிமையும் இல்லை. 1674-ல் யாரிக் யெலஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கிலத் தத்துவஞானி ஹாப்ஸுக்கும் தனக்கும் உள்ள வேறுபாடே இயற்கை உரிமையைத் தான் எப்போதும் குறையாமல் காப்பதுதான் என்கிறார். ஹாப்ஸிடம் மனிதர் ஒப்பந்தத்தில் உரிமையை அரசரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஸ்பினோசாவிடம் அது அவர்களிடமே இருக்கிறது. கோபப்பட்ட மக்கள் கூட்டத்தின் முன் எந்த அரசும் தன் உரிமையை இழந்துகொண்டே போகிறது.

பேசுவதற்கு எல்லை எங்கே என்றும் சொல்கிறார். சட்டம் தவறு என்று வாதிடலாம், மாற்றக் கேட்கலாம், ஆனால் மாறும்வரை அதற்கு எதிராகச் செயல்படக் கூடாது. ஒப்பந்தத்தையே உடைக்கும் கருத்து, வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது போன்றது, அரசுக்கு எதிரான செயலாகும். 1674-ல் ஹாலந்தில் இந்த நூலும் ஹாப்ஸின் 'லெவயதான்' நூலும் சேர்த்தே தடை செய்யப்பட்டன.

ஆறாம் நாள்: ஆம்ஸ்டர்டாம்

ஹெய்லிகவெக் தெருவில், கடைகளுக்கு நடுவில், 1603-ஆம் ஆண்டுக் கல்வாயில் ஒன்று நிற்கிறது. உள்ளே இருந்தது ரஸ்ப்ஹவுஸ் சிறை: கைதிகள் பிரேசில் மரத்தை அராவிச் சாயப்பொடி எடுத்தார்கள். ஸ்பினோசாவின் நண்பர் அட்ரியான் கூர்பாக் 1668-ல் இந்தச் சிறைக்குத்தான் வந்தார். மதக் கருத்துகளைத் தெளிவான டச்சு மொழியில் விமர்சித்து எழுதியதுதான் குற்றம். இரண்டாவது நூலை அச்சிட்டுக்கொண்டிருந்த உட்ரெக்ட் அச்சகத்தார் பாதியில் பயந்து அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். 10 ஆண்டுச் சிறை, 10 ஆண்டு நாடுகடத்தல், அபராதம். வேறொரு சிறைக்கு மாற்றப்பட்டு 1669-ல் இறந்தார். ஸ்பினோசா லத்தீனில் எழுதியதும், 1671-ல் தன் நூலின் டச்சு மொழிபெயர்ப்பை நிறுத்தச் சொன்னதும் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் இந்த வாயிலின் முன் ஒருமுறை நிற்க வேண்டும்.

கைசர்ஸ்ஹ்ராக்ட் 102-ல் 'டி ரோட ஹூட்', இப்போது பண்பாட்டு அரங்கம். 1630-ல் கட்டிய ரிமான்ஸ்ட்ரன்ட் மறைவுத் தேவாலயம்: தெருவிலிருந்து பார்த்தால் வீடு, உள்ளே மாடங்களோடு வழிபாட்டுக் கூடம். குரோஷியஸ் எந்தத் தரப்புக்காகச் சிறை சென்றாரோ அதே மரபின் பேராசிரியர் பிலிப் வான் லிம்போர்க். 1683 முதல் 1689 வரை ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்குக்கு நெருங்கிய நண்பர். ஆங்கில அரசு தேடியபோது லாக் இந்நகரில் வான் டெர் லிண்டன் என்ற பொய்ப் பெயரில் மறைந்திருந்தார். 1685 குளிர்காலத்தில் லிம்போர்குக்காக எழுதியதுதான் சகிப்புத்தன்மை பற்றிய கடிதம். 1689-ல் கௌடாவில் அச்சானது. ஆன்ம மீட்புக்கான அக்கறையை யாரும் அரசிடம் ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்கவும் முடியாது என்பது அதன் முதுகெலும்பு. நாத்திகருக்கு இடமில்லை என்கிறார். வாக்கும் சத்தியமும் அவர்களைக் கட்டாது என்பது அவர் காரணம். இந்த விலக்கு வாதத்திலிருந்து வரவில்லை, பயத்திலிருந்து வந்தது.

அரசு பற்றிய இரண்டாம் ஆய்வின் 9-ஆம் பத்தியில், வெளிநாட்டானை எந்த உரிமையால் தண்டிக்கிறீர்கள் என்று லாக் கேட்கிறார். லைடனில் பூட்டிக் கிடந்த கைப்பிரதியின் கேள்வி! அதை அவர் பார்த்திருக்க வழியில்லை. தனிமனிதரிடமிருந்து அரசைக் கட்ட முயல்கிற யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது. ஆனால் 23-ஆம் பத்தியில் குரோஷியஸைவிட்டுப் பிரிகிறார்: தன் உயிர் மேல் தனக்கே முழு அதிகாரம் இல்லாததால் யாரும் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ள முடியாது. அடுத்த பத்தியிலேயே நியாயப் போரில் பிடிபட்டவருக்கு அடிமைத்தனத்தை அனுமதிக்கிறார். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பணம் போட்டிருந்தார்.

கடைசியாக அவ்ட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் கிழக்கிந்திய மாளிகை. 1606-ல் கட்டியது; கம்பெனியின் 17 இயக்குநர்கள் கூடிய இடம், இன்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம். வேலை நாட்களில் முற்றம் வரை போய்ப் பார்க்கலாம். 1613-ல் குரோஷியஸ் கம்பெனிக்காக லண்டன் போய், மசாலாத் தீவுகளின் மக்கள் எங்களுக்கு மட்டுமே விற்பதாக ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள், ஒப்பந்தத்தைக் காக்க வேண்டும் என்று வாதாடினார். ஆங்கிலேயர் 'சுதந்திரக் கடல்' நூலையே அவருக்கு எதிராக எடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு பழவேற்காட்டில் கம்பெனியின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658-ல் நாகப்பட்டினம் அவர்கள் கைக்கு வந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சை வட்டாரத்தைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, சோறில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி அந்தத் துறைமுகங்களில் வாங்கிக் கப்பலேற்றியது. படாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் கொண்டுபோனது. உணவுக்கு உழைப்பு, வேறு வழியில்லாத தந்தை, விற்ற பிள்ளை: இரண்டாம் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம் விவரித்த அதே நிலை. அதற்கு முந்தைய இரண்டாம் அதிகாரமோ, நெருக்கடியில் இருப்பவருக்கு அடுத்தவரின் களஞ்சியத்தில் உரிமை உண்டு என்கிறது. அந்த அதிகாரத்தை நாகப்பட்டினத்தின் களஞ்சியங்களுக்குப் பொருத்திப் பார்க்க எந்த வழக்கறிஞருக்கும் கம்பெனி பணம் கொடுக்கவில்லை.